ஆடிக்கு முப்பத்தொரு நாள்

மேற்கு மாம்பலம். இரண்டாவது மாடி. காலை ஆறரை மணி.

தினசரி காலண்டரில் ஒரு தாள் கிழிகிறது. ஆனி போகிறது. ஆடி 1, வியாழக்கிழமை.

வாசலில் செய்தித்தாள் கிடக்கிறது. வழக்கத்தைவிடக் கனம். முதல் பக்கத்துக்கு முன்னால் நான்கு முதல் பக்கங்கள். நான்கிலும் புடவை கட்டிச் சிரிக்கும் பெண்கள். 50 சதவீதம் என்ற எழுத்து ஒரு சாண் உயரம். பக்கத்தில் ‘வரை’ என்ற சொல் கடுகளவு.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணப் புடவை எடுக்க ஆள் வராது. தள்ளுபடி அதனால் வந்தது என்பார்கள். இப்போது ஆடியில்தான் கடைக்குள் கால் வைக்க இடமில்லை.

கணவர் விளம்பரத் தாள்களை உருவி மேஜையின் எதிர்ப்பக்கம் தள்ளுகிறார். பல வருடப் பழக்கம். செய்தி அவருக்கு. விளம்பரம் அம்மாளுக்கு.

இன்று தாள்கள் தள்ளிய இடத்திலேயே கிடக்கின்றன.

அம்மாளுக்கு வயது ஐம்பத்து நான்கு. கையில் ஒரு நோட்டு. மகள் ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு விட்ட கணக்கு நோட்டு. முந்தைய நாள் மாலை தெருமுனைக் கடையில் ஒரு புது டைரியைக் கையில் எடுத்திருக்கிறார். விலையைப் பார்த்திருக்கிறார். அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நோட்டின் கடைசிப் பக்கம் விரிகிறது.

‘ஆடி முடியும்வரை புதுசு எதுவும் வேண்டாம்.’

கீழே நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘கூடும்’. பால், காய், மளிகை, மருந்து. வலது பக்கம் ‘கூடாது’. புடவை, நைட்டி, செருப்பு, கைப்பை, கம்மல், பாத்திரம், டப்பா.

பேனா நிற்கிறது. பூ இன்னும் பாக்கி. பேனா வலது பக்கம் போகிறது. திரும்பி வருகிறது. பூ இடது பக்கம் சேர்கிறது.

‘டப்பா’வுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

*

ஆடி 3. பீரோ இரண்டும் திறந்திருக்கின்றன. பரணிலிருந்து ஒரு சூட்கேஸ் இறங்கியிருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்திருக்கிறது. கட்டில் தெரியவில்லை. புடவைதான் தெரிகிறது.

பட்டுகளைப் பிரித்து மாற்றி மடிக்கிற வேலை. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் முறியும். உள்ளே இருந்த மடிப்பு வெளியே வருகிறது. வெளியே இருந்தது உள்ளே போகிறது. வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, நடுவில் வசம்புத் துண்டு. பாச்சை உருண்டை நூல் புடவைகளின் பக்கம் மட்டும்.

காஞ்சிபுரம் பன்னிரண்டு. ஆரணி ஏழு. திருபுவனம் மூன்று. மதுரைச் சுங்குடி ஒன்பது. கோவை கோரா காட்டன் ஆறு. சின்னாளப்பட்டி, நெகமம், காரைக்குடிக் கண்டாங்கி. ஊர் ஊராக அடுக்கு உயர்கிறது. இதில் அம்மாள் போயிருக்கும் ஊர் இரண்டு.

கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். செய்தி வந்த வாரமே வாங்கிய புடவை. நெகமத்துக்குக் கிடைத்தது 2023இல். அதுவும் அந்த வாரமே. இரண்டும் உறை பிரிக்காமல் இருக்கின்றன.

மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அடுத்த அடுக்கில் அதே மாம்பழ மஞ்சள், அதே அரக்குக் கரை. பில் இரண்டு. வருடம் இரண்டு. கடை ஒன்று.

அம்மாள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

எண்ணிக்கை நோட்டில் ஏறுகிறது. மொத்தம் 187. உறை பிரிக்காதது 23. ஜாக்கெட் தைக்காதது 41.

கணவர் வாசற்படியில் வந்து நிற்கிறார். கட்டிலைப் பார்க்கிறார். நாற்காலியில் படுத்துக்கொள்ளப் போகிறார்.

*

ஆடி 5. காலை பதினொரு மணி. குக்கர் இரண்டாவது விசில்.

மிக்ஸி மேல் செல்போன் சாய்ந்து நிற்கிறது. அதற்குள் ஒரு கடை. கடைக்குள் ஒரு பெண். “ஹாய் சிஸ்டர்ஸ். இன்னைக்கு ஆடி ஸ்பெஷல். செமி சில்க். ரன்னிங் பிளவுஸ். பிடிச்சவங்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் பண்ணுங்க.”

புடவை விரிகிறது. முந்தானை காமிராவுக்கு அருகே வருகிறது. விலகுகிறது. அடுத்த புடவை விரிகிறது. “இது லாஸ்ட் பீஸ் சிஸ்.” அடுத்தது. “இதுவும் லாஸ்ட் பீஸ்தான்.”

கட்டைவிரலும் நடுவிரலும் செல்போனின் இரண்டு பக்கப் பொத்தான்களுக்கும் போகின்றன. சேர்ந்து அழுத்தினால் படம் விழும். போனில் ஏற்கெனவே 412 படங்கள்.

விரல்கள் பொத்தான்மேல் நிற்கின்றன. குக்கர் மூன்றாவது விசில்.

ஒரு பொத்தான் மட்டும் அழுந்துகிறது. சத்தம் குறைகிறது. இன்னும் குறைகிறது. நின்றுவிடுகிறது.

போனில் அந்தப் பெண்ணின் வாய் அசைந்துகொண்டிருக்கிறது. கிளிப்பச்சை விரிகிறது. வெங்காயச் சருகு நிறம் விரிகிறது. அம்மாள் கத்தரிக்காய் நறுக்குகிறார். பார்வை காய்மேல் இல்லை.

*

ஆடி 8. அழைப்பு மணி.

கூரியர் பையன். தோளில் அவனைவிடப் பெரிய பை. “என்னம்மா, ஊர்ல இல்லையா? ஒரு வாரமா உங்க பேர்ல ஒண்ணும் வரலையே.”

கையில் ஒரு பொட்டலம். மூன்றாவது மாடிக்கு வந்தது. அங்கே பூட்டியிருக்கிறது. அம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறார்.

பொட்டலம் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது. அம்மாள் கூடத்தைப் பெருக்குகிறார். மேஜையைக் கடக்கும்போது ஒருமுறை அதைத் திருப்பி வைக்கிறார். துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து ஒரு மூலையை அழுத்துகிறார். மெத்தென்று அமுங்குகிறது. காதருகே வைத்து ஆட்டுகிறார். சத்தம் இல்லை. உறையோடு சேர்த்து விரலால் தேய்க்கிறார்.

“காட்டன்.”

வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாலையில் மூன்றாவது மாடிப் பெண் வருகிறாள். வாசலிலேயே உறையைக் கிழிக்கிறாள். காட்டன்தான். மெத்தை விரிப்பு.

இரவு. நோட்டில் எட்டாவது கோடு. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்கே. ஒரு கட்டு முடிந்து மூன்று நிற்கின்றன.

*

ஆடி 12. ஆடிப்பூரம். தெருக்கோடி அம்மன் கோயிலில் வரிசை.

அம்மனுக்குக் கண்ணாடி வளையல் அலங்காரம். கழுத்து, தோள், இடுப்பு எங்கும் வளையல். திரை விலகி மூடியதும் வளையல்கள் தட்டுக்கு வருகின்றன. தட்டு வரிசையில் நகர்கிறது. ஆளுக்கு நான்கு.

அம்மாள் கையில் விழுவது சிவப்பு. பின்னால் நிற்பவளுக்குப் பச்சை. அம்மாள் திரும்பிப் பார்க்கிறார். பச்சைக்காரி சிவப்பைப் பார்க்கிறாள். இரண்டு கைகளும் நீள்கின்றன. மாறிக்கொள்கின்றன.

இரவு நோட்டில் ஒரு குறிப்பு. ‘வளையல் 4. வாங்கியது இல்லை. கிடைத்தது.’

*

ஆடி 14. மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது. தெற்கு உஸ்மான் சாலைக் கடையில் மாட்டித் தருவார்கள்.

செல்போன் பீரோவுக்குள் போகிறது. பணம் அதற்குள்தான் இருக்கிறது. மணிபர்ஸும் பீரோவுக்குள். இடுப்பில் சொருகிய கைக்குட்டையில் ஒரு நூறு ரூபாய் முடிச்சு. கையில் மஞ்சப்பை.

மாம்பலம் ரயில் நிலையம். படியேறினால் இரண்டு வழி. ஒன்று ஆகாய நடைபாதை. 2023 மே மாதம் திறந்தது. 570 மீட்டர். ரங்கநாதன் தெருவுக்குள் கால் வைக்காமலே தி.நகர் பஸ் நிலையத்தில் இறக்கிவிடும். இன்னொன்று, கீழே இறங்கும் படி.

அம்மாள் மேலேயே நடக்கிறார். கம்பித் தடுப்புக்கு அப்பால் விளம்பரப் பலகைகள் கண்ணுக்கு நேராக வருகின்றன. தரையிலிருந்து பார்த்தால் அண்ணாந்து பார்க்கவேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை.

கண்ணாடிக் கடையில் இரண்டு நிமிட வேலை. திருகு இலவசம். கண்ணாடியைத் துடைத்தும் தருகிறார்கள். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

திரும்பும்போது அம்மாள் கீழ்வழியில் வருகிறார்.

ரங்கநாதன் தெரு. தலைகள். தலைகளுக்கு மேல் கட்டப்பைகள். சோளக்கதிர்ப் புகை. எதை எடுத்தாலும் ஒரே விலை என்று பதிவு செய்த குரல். உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் இன்னொரு குரல். நடக்கவேண்டியதில்லை. நின்றால் போதும். கூட்டம் கொண்டுபோய் விடும்.

கூட்டம் ஒரு கடை வாசலில் விடுகிறது. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் வந்து கணுக்காலைத் தொடுகிறது. கதவு திறக்கிறது. மூடுகிறது. திறக்கிறது.

மூடும்போது அம்மாள் உள்ளே இருக்கிறார்.

“வாங்கம்மா. என்ன பட்ஜெட்ல பார்க்கறீங்க?”

“சும்மா பார்க்கத்தான்.”

“பாருங்கம்மா. பார்க்கக் காசா?”

ஒன்று விரிகிறது. பத்து விரிகிறது. கவுண்டர் மறைகிறது. அம்மாள் கரையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார். நூல் விட்டிருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவுகிறார். முந்தானையை வெளிச்சத்துக்குக் காட்டுகிறார். விற்பனைக்காரர் ஒரு நீலத்தைத் தன் தோளிலேயே போட்டுக்கொள்கிறார். “எம்.எஸ். புளூம்மா.” பாட்டுக்காரர் உடுத்திய நிறம். பாட்டுக் கேட்காதவர்களும் கேட்டு வாங்கும் நிறம்.

“மயில் கழுத்து இருக்கா?”

ஆள் மாடிக்கு ஓடுகிறான். அம்மாள் காத்திருக்கிறார். அந்த ஐந்து நிமிடமும் கவுண்டரில் கை ஊன்றி, குவியலின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்கிறார். முகம் தளர்ந்திருக்கிறது. ஸ்டூல் கொண்டுவந்து போடுகிறார்கள். தண்ணீர் வருகிறது.

மயில் கழுத்து வருகிறது. கரை கையளவு. அம்மாள் அதை மடியில் விரித்துப் பார்க்கிறார். கை தானாகப் பையின் பக்கம் போகிறது. மஞ்சப்பைக்குள் கண்ணாடிக் கூடு மட்டும் இருக்கிறது.

“வேற கலர்ல வேணும்னா காட்றேன்மா.”

“வேணாம்ப்பா.”

விற்பனைக்காரர் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். குவியலை மடிக்கச் சின்னப் பையன் ஒருவன் வருகிறான். பதினெட்டு வயது இருக்கலாம். நாற்பது புடவைகள். அம்மாள் ஒன்றை எடுக்கிறார். நுனியோடு நுனி. உதறல் ஒன்று. மடிப்பு மூன்று. கரை கரைமேல் பிசகாமல் விழுகிறது. இன்னொன்று எடுக்கிறார். பையன் தன் மடிப்பை நிறுத்திவிட்டுப் பார்க்கிறான்.

பதினோரு புடவை மடித்துக் கொடுத்துவிட்டு அம்மாள் எழுந்திருக்கிறார்.

வாசல் காவலர் பில்லில் ஓட்டை போடக் கை நீட்டுகிறார். அம்மாள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறார். காவலர் மஞ்சப்பைக்குள் எட்டிப் பார்க்கிறார். மறுபடி கையைப் பார்க்கிறார்.

நூறு ரூபாய் முடிச்சு அவிழ்க்கப்படாமல் வீடு வருகிறது.

*

ஆடி 15. தையல் கடை. மேஜைமேல் ஆறு ஜாக்கெட் பிட், ஒரு அளவு ஜாக்கெட்.

“லைனிங் வைச்சு ஐந்நூற்று ஐம்பதுக்கா.”

அம்மாள் ஒரு பிட்டை எடுத்துப் புரட்டுகிறார். அது வந்த புடவையின் விலை 499.

“எப்பத் தருவீங்க?”

“ஆடி முடிஞ்சு வாங்க. ஆவணி முகூர்த்தத் துணி குவிஞ்சு கிடக்கு.”

நோட்டில் புது வரி. ‘தையல் கூலி. பொருள் இல்லை.’

*

ஆடி 18. பெருக்கு. ஐந்து வகைச் சாதம். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர், சர்க்கரை. காவிரி இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். குழாயடியில் கற்பூரம் ஏற்றுகிறார்கள்.

தாலிக்கயிறு மாற்றும் நாள். கயிறு புதிதாக இருந்தாக வேண்டும்.

நோட்டு மறுபடி திறக்கிறது. ‘கூடும்’ பக்கம் இடம் இல்லை. ஓரத்தில் செங்குத்தாக எழுதப்படுகிறது. ‘மஞ்சள் கயிறு.’

பூக்காரி கூடையில் கயிறும் இருக்கிறது. பதினெட்டு நாளில் வாங்கிய முதல் புதுப்பொருள். அம்மாள் நான்கு கயிறுகளை வெளியே எடுக்கிறார். மஞ்சளைப் பார்க்கிறார். முறுக்கைப் பார்க்கிறார். இழுத்துப் பார்க்கிறார். இரண்டை ஒதுக்குகிறார். மீதி இரண்டையும் வெயிலில் பிடிக்கிறார்.

பூக்காரி இரண்டு முழம் கட்டி முடிக்கிறாள். அம்மாள் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

*

ஆடி 20. தெருவில் ஒலிபெருக்கி. பழைய துணிக்குப் பாத்திரம். பழைய பட்டுக்கு நல்ல விலை.

ஒன்பது புடவைகள் மாடியிலிருந்து இறங்குகின்றன. வண்டிக்காரர் ஒவ்வொன்றாக உதறுகிறார். ஒரு கரையில் ஜரிகையைக் கண்டு நகத்தால் சுரண்டுகிறார். நல்ல ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை தெரிகிறது. புடவை குவியலுக்குப் போகிறது.

“ஒம்பதுக்கும் இந்த டப்பா எடுத்துக்க தாயி.”

நீல மூடி போட்ட பெரிய டப்பா. இருபது கிலோ அரிசி பிடிக்கும். அம்மாள் மூடியைத் திறக்கிறார். மூடுகிறார். திருகு நன்றாக இறங்குகிறது. மறுபடி திறக்கிறார்.

“டப்பா வேணாம். காசா குடுங்க.”

“பட்டுக்குத்தான் காசு தாயி. இதுக்குப் பாத்திரம்தான். அன்னக்கூடை வேணுமா? இட்லிச் சட்டி?”

“புதுசு எதுவும் வேணாம்.”

வண்டிக்காரர் தலையைச் சொறிகிறார். இந்தத் தெருவில் இப்படி ஒரு பேரத்தை அவர் பார்த்ததில்லை. “அப்ப எதுக்குத் தாயி எறக்கினே?”

பதில் இல்லை. ஒன்பது புடவைகளும் மடிப்புக் கலைந்து மாடி ஏறுகின்றன. ஒலிபெருக்கி அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது.

*

ஆடி 23. வெள்ளிக்கிழமை. எதிர்வீட்டில் வரலட்சுமி நோன்பு.

“வாங்கோ, வாங்கோ.” மாமி தாம்பாளத்தோடு வருகிறார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய். நடுவில் நான்காக மடித்த ரவிக்கைத் துணி. அது யாரும் தைத்துக்கொள்ளாத துணி. ஒரு வீட்டில் வாங்கி இன்னொரு வீட்டில் கொடுப்பது.

அம்மாள் வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் துணியை வைக்கிறார். கரும்பச்சை. பொன் புள்ளி. உறையின் மூலையில் விலைச் சீட்டைக் கிழித்த தடம். கிழிந்தது போக ஒட்டிக்கொண்டிருக்கும் பாதி எட்டு.

அம்மாள் அந்தப் பாதி எட்டை நகத்தால் தொடுகிறார். போன வருட நவராத்திரி. கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கிய இருபது பிட்டுகள். சீட்டைக் கிழித்தது இதே நகம்.

பத்து மாதத்தில் எத்தனை வீடு போய் வந்தது என்று துணியில் எழுதியில்லை. மடிப்பு கலையவில்லை.

பீரோவில் அது பழைய இடத்துக்கே போகிறது.

*

ஆடி 27. செல்போனில் மணியோசை. கூடையில் கிடக்கும் 27 பொருள்களில் ஒன்றுக்கு விலை குறைந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு ஓசை. ‘உங்களை மிஸ் பண்ணுகிறோம்.’ கூடவே இருநூறு ரூபாய்க் கூப்பன்.

பெங்களூரில் இருக்கும் மகளிடமிருந்து செய்தி வந்து நான்கு நாள் ஆகிறது.

அழைப்பு மணி. கூரியர் பையன் பல் தெரியச் சிரிக்கிறான். “வந்துடுச்சும்மா!”

பெயர் கணவருடையது. உள்ளே மின்சாரத் துளைபோடும் கருவி. பதினாறு அளவில் அலகுகள். கணவர் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். இறக்குகிறார். வீட்டில் துளை போட வேண்டிய சுவர் எதுவும் இல்லை.

நோட்டில் கணவர் பெயர் இல்லை. அம்மாள் காலி அட்டைப்பெட்டியைத் தட்டையாக மடிக்கிறார். மெதுவாக மடிக்கிறார்.

*

ஆடி 31. சனிக்கிழமை. இரவு ஒன்பதரை.

ஆறு கட்டு முடிந்திருக்கிறது. பக்கத்தில் தனியாக ஒரு கோடு விழுகிறது. அம்மாள் பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். முப்பத்தொன்று. மறுபடி எண்ணுகிறார். முப்பத்தொன்றுதான்.

நோட்டு மூடுகிறது. பீரோச் சாவி தலையணைக்கு அடியில் போகிறது.

*

காலை ஆறரை மணி. காலண்டரில் தாள் கிழிகிறது. ஆவணி 1, ஞாயிற்றுக்கிழமை.

அம்மாள் குளித்து, பிரிக்காத அடுக்கிலிருந்து கண்டாங்கியை எடுத்துக் கட்டியிருக்கிறார். ஜாக்கெட் வேறு நிறம். வாங்கி ஆறு வருடம் ஆன புடவை. கஞ்சி மொடமொடப்பு போகவில்லை. நடந்தால் சத்தம் கேட்கிறது.

வாசலில் செய்தித்தாள். கனம் குறையவில்லை. கணவர் முன்பக்கத் தாள்களை உருவி மேஜையின் எதிர்ப்பக்கம் தள்ளுகிறார்.

அதே பெண்கள். அதே சிரிப்பு. அதே ஒரு சாண் ஐம்பது. குறுக்கே சிவப்புப் பட்டையில் மட்டும் புது வாசகம். வாடிக்கையாளர்களின் பேராதரவை முன்னிட்டு ஆடித் தள்ளுபடி ஆவணி 15 வரை நீட்டிப்பு.

அம்மாள் காலண்டரைப் பார்க்கிறார். தாளைப் பார்க்கிறார்.

நோட்டு வருகிறது. கடைசிப் பக்கம். முதல் வரி இன்னும் அழியாமல் இருக்கிறது. ‘ஆடி முடியும்வரை.’

பேனா மூடி கழல்கிறது. ஒற்றைக் கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘ஆடி 32’ என்று விழுகிறது.

பக்கத்தில் கோடு இல்லை. மணி ஆறே முக்கால்தான் ஆகிறது.